மாட்டிறைச்சிக்குப் பதில் வான்கோழி பர்கர்: ருசிக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே வரியில் சொல்லுங்கள். வான்கோழி பர்கர் நன்றாக இருக்குமா, இருக்காதா?

இருக்கும். ஆனால் மாட்டிறைச்சி பர்கர் மாதிரி இருக்காது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் ஒரு தடவை சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, "சக்கையைத் தின்ற மாதிரி இருக்கு" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். மாட்டிறைச்சிக்கு உப்பும் மிளகும் போதும், மீதியை அதன் கொழுப்பே பார்த்துக்கொள்ளும். வான்கோழிக்கு ஈரம், கொழுப்பு, மசாலா மூன்றையும் நாம்தான் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அருமையான பர்கர். கொடுக்காவிட்டால் தொண்டையில் விக்கும்.

நம் சமையலில் பழகிய கைக்கு இது பெரிய வேலை இல்லை. மட்டன் கோலா உருண்டை செய்யத் தெரிந்தவருக்கு வான்கோழி பர்கரில் பாதிக்குமேல் ஏற்கெனவே தெரியும்.

ருசி ஏன் இவ்வளவு வேறுபடுகிறது? இரண்டும் கறிதானே?

முதல் காரணம் கொழுப்பு. பர்கருக்கென்று அரைத்து விற்கும் மாட்டிறைச்சியில் 20 விழுக்காடு வரை கொழுப்பு இருப்பது சாதாரணம். கல்லில் போட்டதும் அது உருகி, கறியைத் தன் நெய்யிலேயே பொரிய வைக்கிறது. கடைகளில் கிடைக்கும் வான்கோழிக் கைமாவில் கொழுப்பு பெரும்பாலும் அதில் பாதிகூட இருக்காது. நெஞ்சுக்கறியை மட்டும் அரைத்ததாக இருந்தால் இன்னும் குறைவு.

அடுத்தது மயோகுளோபின். தசைக்குள் ஆக்சிஜனைச் சேமித்து வைக்கும் புரதம் இது, இரும்புச்சத்து கொண்டது. கறிக்குச் சிவப்பு நிறத்தையும், "மாட்டிறைச்சி வாசம்" என்று நாம் சொல்கிற அந்தக் கனமான ருசியில் ஒரு பங்கையும் கொடுப்பது இதுதான். வான்கோழியின் நெஞ்சில் இது மிகக் குறைவு, தொடையில் கொஞ்சம் அதிகம். அதனால்தான் எதை வாங்கினாலும் தொடைக்கறியாகப் பார்த்து வாங்குங்கள் என்கிறேன்.

மூன்றாவது, ஈரம் நிறைந்த கறி சட்டென்று சிவக்காது. மேல்பரப்பில் தண்ணீர் இருக்கும்வரை அது வேகுமே தவிர வறுபடாது. வறுபட்டால்தான் அந்தப் பழுப்பு ஓடும் மணமும் வரும். வான்கோழி நிறம் பிடிக்கட்டும் என்று காத்திருந்தால் உள்ளே காய்ந்துபோகிறது, பயந்து சீக்கிரம் எடுத்தால் மேலே வெளிறிக் கிடக்கிறது. சோயா சாஸும் நல்ல சூடான கல்லும் இருந்தால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். கீழே சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் மாட்டிறைச்சியே கிடையாது. அப்படியென்றால் எங்களுக்கு இது எதற்கு மாற்று?

நல்ல கேள்வி. சிங்கப்பூர்த் தமிழர்கள் பலருக்கு "மாடா, வான்கோழியா" என்ற ஒப்பீடே பொருந்தாது. இந்து வீடுகளில் மாட்டிறைச்சியை அடுப்படிக்குள்ளேயே விடமாட்டார்கள். குவான்யின் அம்மனை வணங்கும் சீன நண்பர்கள் பலரும் அதைத் தொடுவதில்லை. இப்படிப்பட்ட வீடுகளில் போட்டி கோழிக்கும் ஆட்டுக்கும் வான்கோழிக்கும் இடையில்தான்.

என் கருத்தைக் கேட்டால், கடையில் மற்றவர்கள் சாப்பிடுகிற "அந்த பர்கர்" போல வேண்டும் என்றால் ஆட்டிறைச்சிதான் கிட்டத்தில் வரும். தேக்கா ஈரச்சந்தையில் தொடைக்கறியோடு கொஞ்சம் கொழுப்பும் சேர்த்துக் கொத்தித் தரச் சொல்லுங்கள். வான்கோழி ருசியில் கோழிக்கு அண்ணன்தான், மாட்டுக்குத் தம்பி இல்லை. கோழியைவிடக் கொஞ்சம் அழுத்தமான ருசி, கொஞ்சம் இறுக்கமான கடி. கோழி பர்கர் சலித்துவிட்டது, ஆட்டுக் கொழுப்பும் வேண்டாம் என்பவர்களுக்கு அது சரியான இடம்.

புரட்டாசியில் அசைவமே தொடாத வீடுகளுக்கு இந்தக் கேள்வி அடுத்த மாதத்துக்குத்தான்.

மாட்டிறைச்சியைவிட வான்கோழி உடம்புக்கு நல்லது என்கிறார்களே?

பாதி உண்மை. எந்தப் பொட்டலத்தை எதனோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஊட்டச்சத்துக் கணக்குப்படி, 20 விழுக்காடு கொழுப்புள்ள பச்சை மாட்டிறைச்சிக் கைமா 100 கிராமில் சுமார் 250 கலோரி, 20 கிராம் கொழுப்பு. 7 விழுக்காடு கொழுப்பு என்று குறிக்கப்பட்ட வான்கோழிக் கைமாவில் சுமார் 150 கலோரி, 8 கிராம் கொழுப்பு. இதைப் பார்த்தால் வான்கோழிக்கு அமோக வெற்றி. ஆனால் அதே 7 விழுக்காடு கொழுப்புள்ள மாட்டிறைச்சியை எடுத்தால் அதிலும் சுமார் 150 கலோரிதான். வித்தியாசம் கொழுப்பின் அளவில்தான் இருக்கிறது. புரதமும் கொலஸ்ட்ராலும் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே.

இரும்புச்சத்து, துத்தநாகம், பி12 மூன்றிலும் மாட்டிறைச்சி முன்னால் நிற்கிறது. இரத்தச்சோகை உள்ளவர்கள் "வான்கோழிக்கு மாறிவிட்டேன், எல்லாம் சரியாகிவிடும்" என்று நினைத்துவிட வேண்டாம்.

வான்கோழிக்குச் சாதகமான உண்மையான வாதம் வேறு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவை 2015ல் சிவப்பு இறைச்சியை, புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் பட்டியலில் வைத்தது. வான்கோழி சிவப்பு இறைச்சி வகையில் வராது. உலகப் புற்றுநோய் ஆய்வு நிதியம், சிவப்பு இறைச்சி சாப்பிடுகிறவர்கள் வாரத்துக்குச் சமைத்த எடையில் 350 முதல் 500 கிராமுக்குள் நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது. வாரம் மூன்று நாள் பர்கர் சாப்பிடுகிறவர் அதில் இரண்டை வான்கோழிக்கு மாற்றினால் பயன் இருக்கும். மாதம் ஒரு முறை சாப்பிடுகிறவருக்கு இதெல்லாம் பெரிய வித்தியாசம் இல்லை, பிடித்ததைச் சாப்பிடலாம்.

இன்னொன்று. வான்கோழியில் மிச்சம் பிடித்த 100 கலோரியை ஒரு கரண்டி மயோனைஸ் திருப்பிக் கொண்டுவந்துவிடும்.

டர்கி ஹாம், டர்கி பேக்கன் எல்லாம் சாப்பிட்டிருக்கிறோம். அதே ருசிதானா?

இல்லவே இல்லை. பன்றி இறைச்சி தவிர்க்கும் உணவகங்களில் ஹாமுக்கும் பேக்கனுக்கும் பதிலாக வைப்பது அது. உப்பும் நைட்ரைட்டும் சேர்த்துப் பதப்படுத்திப் பெரும்பாலும் புகையூட்டியது. சிங்கப்பூரில் வான்கோழி என்றாலே பலருக்கு அந்த உப்பு ருசிதான் நினைவுக்கு வருகிறது, பாவம் வான்கோழி. பதப்படுத்திய இறைச்சி என்பதால், மேலே சொன்ன புற்றுநோய் ஆய்வு முகவையின் வரிசையில் அது இன்னும் மோசமான இடத்தில், புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றுக்கான முதல் பிரிவிலேயே இருக்கிறது. "வான்கோழிதானே, நல்லது" என்று தினமும் ரொட்டியில் வைத்துச் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க.

இங்கே வான்கோழிக் கைமா எங்கே கிடைக்கும்?

ஈரச்சந்தையில் தேடி அலைய வேண்டாம். பெரிய பேரங்காடிகளின் உறைபெட்டிப் பகுதி, இறக்குமதி இறைச்சி விற்கும் கடைகள், இணையத்தில் இறைச்சி விற்பவர்கள், இவைதான் வழி. சிங்கப்பூர் தன் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெளியிலிருந்து வாங்குகிறது, வான்கோழி முழுக்க முழுக்க அப்படித்தான் வருகிறது. அதனால் கோழிக் கைமாவைவிட மலிவாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். நவம்பர், டிசம்பரில் முழு வான்கோழியும் தொடைகளும் நிறைய வரும்.

கைமாவாகக் கிடைக்காவிட்டால் தொடை வாங்கி எலும்பு நீக்கி, துண்டு போட்டு, அரைமணி நேரம் உறைபெட்டியில் வைத்துப் பாதி இறுகியதும் மிக்சியில் விட்டு விட்டு அரையுங்கள். ஒரேயடியாக ஓட்டினால் களி ஆகிவிடும். தோலையும் கொஞ்சம் சேர்த்து அரைத்தால் அதைவிட நல்ல கொழுப்பு வேறில்லை.

ஹலால் வேண்டுவோர் பொட்டலத்தில் முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) முத்திரையோ, முயிஸ் ஏற்றுக்கொண்ட வெளிநாட்டு அமைப்பின் முத்திரையோ இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். வான்கோழி என்பதாலேயே ஹலால் ஆகிவிடாது.

சரி, செய்முறையைச் சொல்லுங்கள்.

அரைக் கிலோ தொடைக்கறிக் கைமாவுக்கு நான்கு பர்கர் வரும்.

முதலில் ஒரு துண்டு ரொட்டியின் ஓரத்தை நீக்கி, மூன்று மேசைக்கரண்டி பாலில் ஊறவைத்து நன்றாக மசித்துக்கொள்ளுங்கள். கறி வேகும்போது சுருங்கி நீரை வெளியே தள்ளும். இந்த ரொட்டிக் கூழ் அந்த நீரைப் பிடித்துவைக்கும். ரொட்டிக்குப் பதில் கோலா உருண்டைக்குப் போடுவதுபோல் பொட்டுக்கடலை மாவும் போடலாம். இரண்டு மேசைக்கரண்டிக்குமேல் போகக்கூடாது, போனால் பர்கர் வடையாகிவிடும். மாவு போட்டாலும் பாலை விட்டுவிட வேண்டாம்.

சின்ன வெங்காயம் ஏழெட்டைப் பொடியாக நறுக்கி எண்ணெயில் வதக்கி ஆறவிடுங்கள். பச்சையாகப் போட்டால் தண்ணீர் விட்டு பேட்டீஸ் (பன்னுக்குள் வைக்கும் தட்டிய கறி) பிளந்துகொள்ளும். அதோடு இஞ்சி பூண்டு விழுது ஒரு தேக்கரண்டி, பச்சை மிளகாய் இரண்டு, கொத்துமல்லித்தழை ஒரு கைப்பிடி, சோம்புத்தூள் அரைத் தேக்கரண்டி, மிளகு தாராளமாக. கரம் மசாலாவை அடக்கி வாசியுங்கள். கூடினால் பன்னுக்குள் கறிக்குழம்பு சாப்பிடுகிற மாதிரி இருக்கும்.

இப்போது சோயா சாஸ், ஒரு மேசைக்கரண்டி. கெட்டியான கறுப்பு சோயா சாஸ் பாதி, சாதா சோயா சாஸ் பாதி இருந்தால் இன்னும் நல்லது. கறுப்பில் இருக்கும் இனிப்பு, கல்லில் பட்டதும் பழுப்பாகச் சிவந்து நிறம் கொடுக்கும். சாதா சோயாவில் இருக்கும் குளூட்டமேட், வான்கோழியிடம் இல்லாத அந்தக் கறி ருசியைக் கொண்டுவரும். காய்ந்த ஷிட்டாகே காளான் இரண்டை ஊறவைத்துப் பொடியாக நறுக்கிப் போட்டாலும் அதே வேலைதான். சோயாவிலேயே உப்பு இருப்பதால் தனி உப்பை அரைத் தேக்கரண்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைசியாக, உறைந்த வெண்ணெயைத் துருவி ஒன்றரை மேசைக்கரண்டி. உருகிய வெண்ணெய் வேண்டாம். துருவல் கறிக்குள் சிறுசிறு துணுக்குகளாக நின்று, வேகும்போதுதான் உருகி உள்ளே ஈரம் தரும்.

எல்லாவற்றையும் விரல் நுனியால் கலந்தால் போதும். சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்தால் கறி ரப்பராகும். நம் ஊர் வெக்கையில் கலவை சீக்கிரம் இளகிக் கையில் ஒட்டும், அதனால் அரைமணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டு, ஈரக்கையால் இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டுங்கள். பன்னைவிட ஒரு விரல் அகலம் கூடுதலாக இருக்கட்டும், சுருங்கும். நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி.

பழகிய இரும்புத் தோசைக்கல்லைவிட இதற்குச் சிறந்த பாத்திரம் இல்லை. கல் நன்றாகக் காய்ந்ததும் எண்ணெய் விட்டுப் போடுங்கள். நான்கு நிமிடம் தொடவே கூடாது. ஓரம் வெளுத்து, அடிப்பக்கம் தானாகவே கல்லை விட்டு வரும்போது திருப்பி, தீயைக் குறைத்து, ஒரு மூடியைக் கவிழ்த்து இன்னும் நான்கைந்து நிமிடம். கரண்டியால் அழுத்திச் "சுர்ர்" சத்தம் கேட்கிற ஆசை எல்லோருக்கும் வரும். அந்தச் சத்தம் உங்கள் பர்கரின் சாறு ஆவியாகிற சத்தம்.

மாட்டிறைச்சி பர்கரை உள்ளே லேசாகச் சிவப்பாக வைத்துத் தருகிறார்களே, இதையும் அப்படிச் செய்யலாமா?

கூடாது. வான்கோழிக்கு நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட்டே ஆக வேண்டும். சால்மொனெல்லா போன்ற கிருமிகள் அரைக்கும்போது மேலிருந்து உள்ளே கலந்துவிடும். ஒரு முழுத் துண்டுக் கறியில் கிருமி பெரும்பாலும் மேல்பரப்பில்தான், கைமாவில் எங்கும் இருக்கலாம். சொல்லப்போனால் மாட்டிறைச்சிக் கைமாவுக்கும் அமெரிக்க வேளாண்மைத் துறை 71 டிகிரி என்றுதான் சொல்கிறது. உணவகத்தில் சிவப்பாகத் தருவது அவர்கள் விருப்பம், சாப்பிடுவது உங்கள் விருப்பம்.

நிறத்தை நம்ப வேண்டாம். வான்கோழி 74ஐத் தாண்டியும் இளஞ்சிவப்பாக இருக்கலாம், முழுக்க வேகாமலே வெளுத்தும் இருக்கலாம். குத்திப் பார்க்கும் சின்ன வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள். அதைப் பக்கவாட்டில் நடுப்பகுதிவரை செருகிப் பார்க்க வேண்டும். பாதுகாப்புக்கு மட்டுமில்லை, ருசிக்கும் அதுதான். 74ல் எடுத்த பர்கருக்கும், பயந்துகொண்டே 85வரை விட்ட பர்கருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஏர் ஃபிரையரில் செய்யலாமா?

செய்யலாம், ஓரளவுக்குத்தான் வரும். மேலோடு கல்லில் வருகிற அளவுக்கு வராது. அவசரத்துக்குச் சரி.

அடுக்குமாடி வீட்டில் புகைக்குப் பயந்து ஏர் ஃபிரையரைத் தேடுகிறவர்களுக்கு ஒரு செய்தி. 2018 ஜூன் முதல் புது வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம் என்பதால் இந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் கொழுப்பு ஒழுகும் மாட்டிறைச்சி அளவுக்கு வான்கோழி புகைவதில்லை. ஜன்னலைத் திறந்துவைத்தால் தோசைக்கல்லிலேயே தாராளமாகச் செய்யலாம்.

ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் பார்பெக்யூ வைக்கிறோம். எல்லா இனத்து நண்பர்களும் வருகிறார்கள். வான்கோழி எடுபடுமா?

வான்கோழி பர்கருக்குச் சிங்கப்பூரில் இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்பேன். ஒருவர் மாடு சாப்பிடமாட்டார், இன்னொருவர் பன்றி சாப்பிடமாட்டார், மூன்றாமவருக்கு ஹலால் வேண்டும். தேசிய சேவை நண்பர்கள், அலுவலகக் கூட்டம் என்று எங்கே போனாலும் இதே கதைதான். ஹலால் முத்திரையுள்ள வான்கோழி இந்த எல்லா வேலியையும் தாண்டிவிடும். சைவம் சாப்பிடுகிறவருக்கு மட்டும் தனியாக ஏதாவது பார்த்துக்கொள்ளுங்கள், சோளத்தைச் சுட்டுக் கொடுத்துச் சமாளிப்பது அழகில்லை.

பூங்காவின் அடுப்புக் கம்பியில் முன்பு யார் என்ன சுட்டார்கள் என்று தெரியாது. முஸ்லிம் நண்பர்கள் வந்தால் சொந்தக் கம்பிவலையும் தனி இடுக்கியும் கொண்டுபோவது மரியாதை. வலை வான்கோழிக்கும் நல்லது. கொழுப்பு குறைவான கறி கம்பியில் ஒட்டிக்கொண்டு பிய்ந்துவரும், எண்ணெய் தடவிய வலையில் அந்தத் தொல்லை குறையும். வீட்டிலேயே தட்டி, இடையிடையே தாள் வைத்து உறையவைத்த பேட்டீஸை ஐஸ் பெட்டியில் கொண்டுபோய், உள்ளே இளகியதும் சுடுங்கள். மதிய வெயிலில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் பச்சைக் கறியை ஒரு மணி நேரத்துக்குமேல் வெளியே வைக்கக்கூடாது. "இன்னும் ரெண்டு பேர் வரணும்" என்று பெட்டியைத் திறந்தே போட்டுவிட்டுக் கதை பேசுவது நம்மவர்கள் வழக்கம், அதனால்தான் சொல்கிறேன்.

பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், முட்டையில் சுற்றித் தருகிற மலேசிய ராம்லி பாணி பர்கர், அதை வான்கோழியில் செய்தால்?

அட்டகாசமாக வரும். அடித்த முட்டையைக் கல்லில் மெலிசாக ஊற்றி, முக்கால்வாசி வெந்ததும் பேட்டீஸை நடுவில் வைத்து நான்கு பக்கமும் மடிக்க வேண்டும். முட்டை ஒரு போர்வை மாதிரி ஈரத்தை வெளியே விடாது, வான்கோழிக்கு வேண்டியதும் அதுதான். மார்ஜரின், மிளகுத்தூள், சில்லி சாஸ், மயோனைஸ், வொர்ஸ்டர் சாஸ் எல்லாம் உண்டு. கலோரிக் கணக்கை அன்றைக்கு மட்டும் மறந்துவிடுங்கள்.

பன்னும் சாஸும் எது பொருந்தும்?

எள் தூவிய சாதாரண பன் போதும். வெண்ணெய் தடவி அதே கல்லில் வாட்டிக்கொள்ளுங்கள். புதினாச் சட்னியை மயோனைஸில் பாதிக்குப் பாதி கலந்தால் வான்கோழிக்கு அப்படிப் பொருந்தும். புளிப்புக்கு அச்சார் இரண்டு துண்டு. மாட்டிறைச்சி பர்கருக்குப் போடும் கெச்சப்பும் கடுகும் இதற்கு ஒட்டவே ஒட்டாது என்பது என் கட்சி.

வீட்டில் ஒருவருக்கு மாட்டிறைச்சிதான் வேண்டும். பாதிப் பாதி கலக்கலாமா?

மாட்டிறைச்சி சாப்பிடும் வீடாக இருந்தால் கலக்கலாம், அதுதான் சமாதான வழி. மாட்டின் கொழுப்பும் வாசமும் மொத்தத்தையும் தூக்கி நிறுத்தும், பலருக்குக் கலப்படமே தெரியாது. வேகும் அளவு மட்டும் வான்கோழிக் கணக்குதான், 74.

வான்கோழி சாப்பிட்டால் தூக்கம் வருமாமே?

டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தை வைத்துச் சொல்லும் கதை அது. கோழியிலும் ஏறக்குறைய அதே அளவு இருக்கிறது. கோழிச்சோறு சாப்பிட்டுத் தூக்கம் வந்தால் சோற்றின் அளவைப் பாருங்கள்.

கிறிஸ்துமஸ் வான்கோழி மிஞ்சிவிட்டது. அதை அரைத்து பர்கர் போடலாமா?

வெந்த கறி ஒன்றோடொன்று ஒட்டாது, கல்லில் உதிர்ந்துபோகும். உதிர்த்து, மசித்த உருளைக்கிழங்கோடு சேர்த்து, முட்டையில் தோய்த்து ரொட்டித்தூளில் புரட்டி கட்லெட் செய்யுங்கள். அதையும் பன்னுக்குள் வைக்கலாம், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

பச்சைக் கலவை மிஞ்சினால்?

குளிர்பதனப் பெட்டியில் ஒரு நாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள். அதற்குமேல் என்றால் தட்டி உறையவைத்துவிடுங்கள், மூன்று நான்கு மாதம்வரை ருசி குறையாமல் இருக்கும். உறைந்ததை அடுக்களை மேடையில் போட்டு இளக்காமல், முதல் நாள் இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். ஒரு கைப்பிடிதான் மிஞ்சியது என்றால் உருண்டை பிடித்து எண்ணெயில் பொரித்து, இரவு ரசச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளலாம்.